நீச்சற்றடாகமும் மின்செலவும்

நீர்ப்பம்பி ஓடும் நேரத்தைக் குறைத்தால் மின்செலவு குறையும் என்பது பலரதும் எண்ணம். எனினும் நீச்சற்றடாகத்தைப் பொறுத்தவரை, பம்பியை நெடுநேரம் மெதுவாக ஓடவிடுவதே சிக்கனமாகும். இதனை முதலிற் கேட்டபோது யானும் நம்பவில்லை. கணக்கிட்ட பின்னரே தெளிந்தேன்.

வீட்டு நீச்சற்றடாகங்கள் மலிந்த கலிபோர்ணியாவை எடுத்துக்கொள்வோம். பம்பியானது தடாகத்து நீரை உறிஞ்சி, வடிகட்டியினூடாகச் செலுத்தி, மீண்டும் தடாகத்திலேயே விடுகின்றது. புறப்பட்ட மட்டத்துக்கே நீர் திரும்புவதால், பம்பி வெல்லவேண்டியது குழாய்களிலும் வடிகட்டியிலும் எழும் உராய்வுத் தடையை மாத்திரமேயாம். இந்நிலையில் நீரின் பாய்ச்சல் சுழற்சிக் கதிக்கு நேர்விகிதசமமாகவும், வேண்டிய வலு அக்கதியின் மூன்றாம் அடுக்குக்கு விகிதசமமாகவும் அமையும். கதியைப் பாதியாக்கினால் நீர் பாதியாகும், வலுவோ எட்டிலொன்றாகும்.

60,000 லீற்றர் நீர் கொண்ட தடாகமொன்றைக் கருதுக. மணிக்கு 15,000 லீற்றர் செலுத்தும் 1.5 கிலோவாற்றுப் பம்பி, அந்நீர் முழுவதையும் ஒருமுறை வடிகட்ட 4 மணி நேரம் ஓடும். செலவு 6 அலகு. அரைக்கதியில் 8 மணி நேரம் வேண்டும், செலவோ 1.5 அலகே. மெதுவாக ஓடும் மோட்டரின் வினைத்திறன் சற்றுக் குறைவதால் நடைமுறையில் இதனினும் சிறிது கூடும். ஆயினும் இலாபம் பெரிது. ஒரே கதியில் ஓடும் பம்பிகளுக்கு இவ்வழி இல்லை.

ஓடவிடும் வேளையும் கருதத்தக்கது. அங்கே நேரவாரிக் கட்டணங்கள் பலவற்றில் மாலை 4 மணி முதல் இரவு 9 மணி வரையே விலை உச்சம். நண்பகலில் சூரியமின் மிகுதி. வெயில் நீரிலுள்ள குளோரீனைச் சிதைப்பதாலும், பகலில் நீரைச் சுழலவிடுதல் நன்று. மிகையாகக் குறைத்தாற் பாசி படரும்.

நம் கிணற்றுப் பம்பிக்கும் இக்கணக்குப் பொருந்துமோ என மாணவர் வினவலாம். பொருந்தாது. நீரை உயரத்திலுள்ள தாங்கிக்கு ஏற்றுகையில் உராய்வோடு உயரத்தையும் வெல்லவேண்டும். பம்பி தரும் அமுக்கம் கதியின் வர்க்கத்துக்கேற்பக் குறைவதால், கதி ஓர் எல்லைக்குக் கீழிறங்கியதும் நீர் தாங்கியை எட்டாது; பம்பி மின்னை உண்டபடி வீணே சுழலும். வேளையை மாற்றுவதோ, இலங்கையில் நேரவாரிக் கட்டணமுறையைத் தெரிந்துகொண்ட வீடுகளுக்கு மாத்திரமே பயன்தரும். அவற்றுக்கு உச்சவேளை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. ஏனைய வீடுகளில் மாதத்திற் செலவான அலகுகளே கணக்கிடப்படுவதால், பம்பியை நள்ளிரவில் எழுந்து போட்டாலும் கட்டணம் மாறாது.