பிராசசரைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

2017 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் கோர் ஐ7-7700கே என்ற பிராசசரை 339 டாலர் பட்டியல் விலையில் வெளியிட்டது. சாதாரண மேசைக் கணினிகளுக்கு அன்றைக்கு இன்டெல்லிடம் இருந்ததில் உச்சம் அதுதான். அதே ஆண்டு அக்டோபரில் 117 டாலருக்கு ஐ3-8100 வந்தது. வேகத்தில் ஐ7 முன்னால் நின்றது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆதரவுப் பட்டியலில் ஐ3-8100 இருந்தது, ஐ7-7700கே இல்லை. சில விதிவிலக்குகள் தவிர, பட்டியல் எட்டாம் தலைமுறையில் தொடங்கியது. ஐ7 ஏழாம் தலைமுறை. 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100, அதே நான்கு கோர், எட்டு திரெட்டை வைத்துக்கொண்டே பழைய ஐ7-ஐ வேகத்திலும் தாண்டிப் போனது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. ஏறக்குறைய மூன்று மடங்கு கொடுத்து உச்சத்தை வாங்கியவருக்கு அந்தக் கூடுதல் பணம் ஆயுளை வாங்கித் தரவில்லை.

வீட்டுக்குக் கணினி அசெம்பிள் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ‘ஐ5 போடலாமா, ஐ7 போடலாமா’ என்றுதான் தொடங்குகிறார்கள். பிராசசரை முடிவு செய்துவிட்டு, மிச்சப் பணத்துக்குள் ராமையும் மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் அடக்கப் பார்க்கிறார்கள். பணம் தாராளமாக இருந்தால் இந்த வரிசையால் கெடுதல் இல்லை. பட்ஜெட் இறுக்கமாக இருக்கும்போது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எஸ்எஸ்டி, போதுமான ராம், நம்பகமான எஸ்எம்பிஎஸ், ஒழுங்கான போர்டு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுகிற தொகைக்குக் கிடைக்கும் அண்மைத் தலைமுறைப் பிராசசரை, அது வரிசையின் கீழ்ப்படியிலேயே இருந்தாலும், வாங்கலாம்.

காரணம், வீட்டுக் கணினியின் பிராசசர் நாளின் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு துணுக்குத் தகவலை எடுக்க, வட்டு சராசரியாக அரைச் சுற்று சுற்ற வேண்டும். அதற்கே 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. முனை நகர்ந்து போய்ச் சேரும் நேரத்தையும் கூட்டினால் 10 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராசசருக்கு இந்த 10 மில்லி விநாடி என்பது நான்கு கோடி சுழற்சி. அந்த நான்கு கோடி வாய்ப்பையும் ஐ3 வீணாக்கினால் என்ன, ஐ7 வீணாக்கினால் என்ன? எஸ்எஸ்டியில் அதே வேலை 0.1 மில்லி விநாடியில் முடிகிறது. ராமும் இப்படித்தான். 8 ஜிபி நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கத் தொடங்கும். அதன்பின் எந்தப் பிராசசரும் தவழத்தான் செய்யும். இன்றைய பிரவுசர்களை நம்பி வாழும் வீட்டுக்கு 16 ஜிபியைத்தான் தொடக்க அளவாகக் கொள்ள வேண்டும்.

‘ஆறு கோர் நான்கு கோரைவிட மேலல்லவா?’ என்று கேட்கலாம். வேலையைப் பொறுத்தது. ஒரு வேலையில் பாதியைத்தான் பங்கிட முடியும் என்றால், எத்தனை கோரைச் சேர்த்தாலும் அது இரண்டு மடங்கு வேகத்தைத் தாண்டாது. ஜீன் அம்டால் 1967-இலேயே முன்வைத்த வாதம் இது. இன்றும் கணினிப் பாடத்தில் அவர் பெயராலேயே விதியாக நிற்கிறது. வேர்டில் தட்டச்சு, டேலியில் கணக்கு, இணைய வகுப்பு, வங்கி வேலை இவற்றின் விறுவிறுப்பெல்லாம் பெரும்பாலும் ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதில் அடங்கியிருக்கிறது. ஐ3-12100-இன் உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், ஐ5-12400-இன் உச்சம் 4.4. இரண்டும் ஒரே வடிவமைப்பு. அன்றாட வேலையில் கண்ணைக் கட்டிவிட்டு உட்காரவைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. வீடியோவை எடிட் செய்து ஏற்றுமதி செய்கிறவர், பெரிய மென்பொருளைக் கம்பைல் செய்கிறவர் ஆகியோருக்குத்தான் கூடுதல் இரண்டு கோர் கைகொடுக்கும். அவர்கள் தயங்காமல் ஐ5-க்குப் போகலாம். மாதம் ஒருமுறை குடும்ப விழா வீடியோவை வெட்டி ஒட்டுகிறவர் ஐந்து நிமிடம் கூடக் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

ஐ3, ஐ5 என்ற முன்பெயரைவிடக் கவனிக்க வேண்டியது கடைசி எழுத்து. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ஐ3-12100எஃப் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பூட்டினால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. ஏஎம்டியின் ஏஎம்4 வரிசையில் கணக்கு நேர்மாறு: ஜி என்று முடிந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600ஜி-யில் இருக்கிறது. ரைசன் 5 5600-இலும் 5500-இலும் இல்லை. இந்த ஜி சும்மா வருவதும் இல்லை. 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ், 5600ஜி-க்கு 16 தான்; முன்னது பிசிஐஇ 4, பின்னது பிசிஐஇ 3. இன்டெல்லின் கே வகையை வேகம் கூட்டி ஓட்டலாம் என்பார்கள். ஆனால் அதன் பெட்டியில் கூலர் வராது, மலிவான எச்610 போர்டில் வேகம் கூட்டவும் முடியாது. ஏசி இல்லாத அறையில் சித்திரை வெயிலில் ஓடப்போகும் கணினிக்கு அது தேவையற்ற வெப்பம்.

அடுத்து, பிராசசரோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவு. ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் அமரும் இடம்) உள்ள போர்டுகள் டிடிஆர்4 ராமை மட்டுமே ஏற்கும். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-உம், 2024 அக்டோபரில் வந்த இன்டெல் எல்ஜிஏ1851-உம் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். 12, 13, 14-ஆம் தலைமுறைகள் அமரும் எல்ஜிஏ1700-இல் இரண்டு வகை போர்டும் உண்டு. ஆனால் ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை கடுமையாக ஏறியது. பட்ஜெட்டைத் தீர்மானிப்பதில் பிராசசருக்கு இருந்த இடம் இப்போது ராமுக்குப் போய்விட்டது. எனவே பிராசசரின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது கணக்கே இல்லை. பிராசசர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்புகிறவர் 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். டிடிஆர்4-3200 ஒற்றைக் குச்சி நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு குச்சி 51.2 ஜிபி தரும். கிராபிக்ஸ் அந்த ராமிலிருந்துதான் உண்கிறது என்பதால், 5600ஜி போன்ற பிராசசரில் விளையாட்டுகளின் வேகம் இதனால் கண்கூடாக மாறும்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஏஎம்4-உம் எல்ஜிஏ1700-உம் முடிந்துபோன சாக்கெட்டுகள்; இன்று அவற்றில் பணம் போடுவது முட்டுச்சந்துக்குள் போவது போன்றது என்பார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 2017-இல் ஏஎம்4 போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யைப் பயாஸ் புதுப்பிப்பின் துணையோடு அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். இன்டெல் பக்கம் அனுபவம் வேறு: எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் சாக்கெட் இருந்தும், ஏழாம் தலைமுறை போர்டுகளில் எட்டாம் தலைமுறைப் பிராசசருக்கு இன்டெல் இடம் தரவில்லை. நீண்டநாள் ஓடும் சாக்கெட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்பதையே இவை காட்டுகின்றன. ஏஎம்5-ஐ 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. கூடுதல் தொகை கையில் இருப்பவருக்கு அது நல்ல தேர்வு. ஆனால் இறுக்கமான பட்ஜெட்டில், வராமலேயே போகக்கூடிய மேம்படுத்தலுக்காக இன்றைக்கே டிடிஆர்5 விலையைக் கட்டுவது சரியா? வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை முதலில் பொருத்திய பிராசசரோடுதான் ஓய்வு பெறுகின்றன. முடிந்த சாக்கெட்டின் கீழ்ப்படியில் நுழைகிறவருக்கு மேலே ஏற இடமும் இருக்கிறது: ஐ3-12100 உள்ள போர்டில் நாளை பயன்படுத்திய ஐ5-13400 அமரும், 5600ஜி இருந்த இடத்தில், தனி கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால், எட்டு கோர் 5700எக்ஸ் அமரும்.

இன்னொரு வழி, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் எப்போதும் கிடைக்கும் பழைய ஐ7. 2011-இன் ஐ7-2600, 2012-இன் ஐ7-3770 போன்றவை எச்61 போர்டோடு சேர்த்து ‘ஐ7 சிஸ்டம்’ என்று மலிவாக விற்கப்படுகின்றன. பெயர் ஐ7 தான், பொய்யில்லை. ராம் டிடிஆர்3, எச்61 சிப்செட்டின் சாட்டா இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட்டோடு நின்றுவிடும் என்பதால் புது எஸ்எஸ்டியும் பாதி வேகத்தில்தான் ஓடும், விண்டோஸ் 11 முறையாக ஏறாது. லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு விண்டோஸ் ஏறாதது ஒரு பொருட்டில்லை. ஆனால் கையில் அவ்வளவு பணம்தான் என்றால், அலுவலகங்கள் கழித்துக்கட்டிய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய முழுக் கணினியை வாங்குவது மேல். அந்தத் தொகைக்குப் புதிதாக அசெம்பிள் செய்ய முயல்வதைவிடவும் மேல் என்றே சொல்வேன்.

விளையாட்டுக்காகக் கட்டுகிறவர்களுக்கும் இதே விதிதான், ஒதுக்கீடு மட்டும் மாறும். பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். பிராசசர் ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600 போதும். ஒரு எச்சரிக்கை: ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவுக் கார்டுகள் நான்கே பிசிஐஇ தடங்களை வைத்து ஓடுபவை. அவற்றைப் பிசிஐஇ 3 மட்டுமே உள்ள 5500-உடனோ 5600ஜி-யுடனோ சேர்த்தால் கொடுத்த காசில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

ஆக, தனிக் கார்டு இல்லாத வீட்டுக்கு ஐ3-12100, டிடிஆர்4 எச்610 போர்டு. பிள்ளைகள் கொஞ்சம் விளையாடவும் செய்வார்கள் என்றால் ரைசன் 5 5600ஜி. வீடியோ வேலைக்கு எஃப் இல்லாத ஐ5-12400: அதன் உள்ளமைந்த கிராபிக்ஸே வீடியோவை என்கோட் செய்ய உதவும். வாங்கும்போது டிரே பீஸா, பாக்ஸ் பீஸா என்று கேளுங்கள்; சீல் வைத்த பெட்டிக்குத்தான் மூன்றாண்டு நிறுவன உத்தரவாதம், டிரே பீஸுக்குப் பெரும்பாலும் கடைக்காரர் வாக்குதான். ஜிஎஸ்டி பில்லில் ‘ஐ3 பிராசசர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். கடைசி எழுத்து வரையிலான முழு மாடல் எண்ணையும், பெட்டியின் மேலுள்ள சீரியல் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.