படத்திலிருந்து படகை நீக்கலாமா?

கரையும் கேமராவும் – 9

உப்பளத்தை முதன்முதலாகப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். நேரில் பார்த்தால் கண் கூசுகிற வெள்ளை, படத்தில் மட்டும் ஏன் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்து நிற்கிறது? போன வாரம் லென்ஸ்களைப் பற்றிப் பேசியதில் இதற்கு இடமில்லாமல் போயிற்று. இந்த வாரம் தருவைகுளத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அரை மணி நேரப் பயணம். வழிநெடுக உப்பளம். பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீர், வரப்பு, வாரிக் குவித்த உப்பு அம்பாரம், அதன் மேல் மூடிய தென்னங்கீற்று. சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் ஊர், புனித மிக்கேல் அதிதூதர் கோயில், கரையில் வரிசையாக விசைப்படகுகள். நிலக்காட்சி எடுப்பவருக்கும் ஊர்க்காட்சி எடுப்பவருக்கும் ஒரே காலையில் வேலை கொடுக்கும் இடம் இது. என்னைக் கேட்டால் கொடைக்கானலைவிடக் கடினமான பள்ளிக்கூடம் இதுதான். மலையும் மஞ்சும் நமக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே பூமி தட்டை, கடல் தட்டை, வானம் பெரும்பாலும் மேகமே இல்லாத வெறும் வானம்.

முதலில் அந்த வெள்ளை. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்குத் தன் முன்னால் இருப்பது உப்பா, கரியா என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் அது சராசரிச் சாம்பல், அதாவது விழுகிற ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்றே எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். உப்பு அதைப்போலப் பல மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 'இது அதிக வெளிச்சம்' என்று கேமரா தானாகவே ஒளியைக் குறைத்துவிட, வெள்ளை சாம்பலாகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டுங்கள். கூட்டிவிட்டு ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை போன்ற அந்த வரைபடம் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வரலாம், ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் அம்பாரத்தின் வெயில் பக்கத்தில் உப்புக் கல் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிகிற அந்த நறநறப்பு போய்விடும். அப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதனால்தான் ரா கோப்பில் எடுங்கள் என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. உப்பு போன்ற பொருளில் எல்லா நயமும் மேல் படிகளில்தான் குவிந்திருக்கும். படி குறைந்தால் நயமும் குறையும்.

வெளிச்சத்துக்கு வருவோம். சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்வேளை ஒரு மணி நேரம் என்று புகைப்பட நூல்களில் படித்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்துகொண்டு எழுதியவை. அங்கே சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும். தருவைகுளம் பூமத்தியரேகைக்கு ஒன்பது பாகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக எழும்புகிறது, அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏற ஏறக்குறைய 25 நிமிடம்தான். அதற்குப் பிறகு வெயில் தட்டையாகிவிடும். ஆகவே விடிவதற்கு அரை மணி முன்னதாகவே இடம் பார்த்து முக்காலியை ஊன்றியிருக்க வேண்டும். சூரியன் வந்த பிறகு வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தால் அன்றைய காலை அவ்வளவுதான்.

நிற வெப்பத்தைத் தானியங்கியில் விடாதீர்கள். விடியலின் இளஞ்சிவப்பு உப்பில் படிந்திருப்பதைக் கேமரா 'பிழை' என்று எண்ணித் திருத்திவிடும். டேலைட்டில் வைத்தால் நிறம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து பாத்திகள் நிரம்பிவிட்டால் உப்பு எடுப்பு இருக்காது, ஆனால் பாத்தி முழுக்க வானம் கிடக்கும். அப்போது போலரைசர் வடிகட்டியைக் கழற்றி வையுங்கள். பிரதிபலிப்பைத் தின்பதுதான் அதன் வேலை, நமக்கு வேண்டியதோ அந்தப் பிரதிபலிப்பு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது முக்காலியில் பையைத் தொங்கவிடுங்கள். லென்ஸில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், கண்ணாடியில் கோடு விழும். ஊதித் தள்ளிவிட்டு, லேசாக நனைத்த லென்ஸ் துணியால் ஒற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

உப்பளத்தில் ஆள் இல்லாத படம் எடுப்பது எளிது. ஆனால் உப்பு தானாக அம்பாரமாவதில்லை. வாரு பலகையோடு வெறுங்காலில் நிற்கும் பெண்களிடம் கேமராவைத் தூக்குவதற்கு முன் கேளுங்கள். "எடுத்துக்கிடுங்க தம்பி, மூஞ்சி வேண்டாம்" என்று ஒரு ஆச்சி சொன்னார். அவர் சொன்னபடி காலையும் பலகையையும் மட்டும் எடுத்தேன். உப்புநீரில் ஊறி வெடித்த குதிகால், பலகையின் விளிம்பில் காய்ந்து வெள்ளையான கோடு. ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களிடையே வந்து தங்கி விசாரித்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். நம் காலத்தில் மதுரைக்காரரான எம். பழனி குமார், 'பாரி' எனப்படும் ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்துக்காகத் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளை எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு உப்பளத்துக்குப் போங்கள். சூரியன் எங்கே இருக்கிறது, ஆள் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

இனிக் கரைக்கு வருவோம். இந்த வாரம் நான் சொல்ல நினைத்தது அங்கேதான் இருக்கிறது.

தருவைகுளத்து விசைப்படகுகள் பருவலை போட்டுப் பல நாள் கடலில் தங்கி மீன் பிடிப்பவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவை கரையோரம் அணிவகுத்து நிற்கும். வண்ணம் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். புகைப்படக்காரருக்கு அது அறுவடைக் காலம். என் நண்பர் ஒருவர் அப்போது ஒரு நல்ல படம் எடுத்தார். நீலமும் சிவப்புமாகப் புதுவண்ணம் பூசிய படகு, பின்னால் விடியல். அதன் பக்கத்தில் வண்ணம் வெளிறிய இன்னொரு படகின் பாதி உடல் சட்டகத்துக்குள் வந்திருந்தது. இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே வேண்டாததை விரலால் வட்டமிட்டால் போதும், செயற்கை நுண்ணறிவு அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடலையும் வானத்தையும் தானே நிரப்பிவிடும். நண்பரும் அப்படித்தான் அந்தப் படகை நீக்கினார். படம் சுத்தமாகிவிட்டது. பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்ப் படகுக்காரரிடமே கொடுத்தார்.

அவர் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி. எங்க மச்சான் போட்டு பக்கத்துல நிக்கும்லா? அத எங்க?" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்த ஊரில் அது சாதாரணக் கேள்வி இல்லை. 2023 அக்டோபரில் தருவைகுளத்து விசைப்படகு ஒன்று மாலத்தீவில் பிடிபட்டது, அதிலிருந்த 12 மீனவர்களோடு. 2024 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படை இரண்டு படகுகளையும் 22 பேரையும் பிடித்துச் சென்றது. வரிசையில் ஒரு படகு இல்லையென்றால் அங்கே ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பொருள். நாம் 'இடைஞ்சல்' என்று வட்டமிட்டு நீக்கியது ஒரு குடும்பத்தின் முழு முதல்.

எடிட்டிங்கே தவறு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த கேப்டன் லினியஸ் டிரைப், மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களைப் பயன்படுத்தினார். அந்தக் கால ரசாயனங்கள் நீல ஒளிக்குத்தான் அதிகம் வசப்படும். ஆகையால் நீல வானமும் வெண்மேகமும் ஒரே வெளுப்பாகி, வானம் வெறும் காகிதமாக நிற்கும். டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். அதே பத்தாண்டில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை இணைத்து அச்சிட்டார். கண் கண்டதைக் கருவியால் காண முடியாதபோது செய்த ஈடு அது. நாம் ரா கோப்பில் நிழலைத் தூக்குவதும், ஹைலைட்டை இறக்குவதும், விடியலின் நிறத்தை நினைவில் இருந்தபடி சரிசெய்வதும் அதன் தொடர்ச்சிதான். டிரைப் தீட்டிய மேகம் அன்றைய மேகம் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் அவர் மேகத்தைத்தான் சேர்த்தார், கோபுரத்தை நகர்த்தவில்லை.

நான் கடைப்பிடிக்கும் எல்லை இதுதான்: ஒளியைத் திருத்தலாம், ஊரைத் திருத்தக் கூடாது. அடிவானத்தை நேராக்குங்கள். வெண்சமநிலை, எக்ஸ்போஷர், நிழல், சற்றே கான்ட்ராஸ்ட் என்று போங்கள். லைட்ரூம் வாங்க வசதியில்லை என்றால் டார்க்டேபிள் இலவசம், கைப்பேசிக்கு ஸ்னாப்சீட் இருக்கிறது. டிஹேஸ் என்ற பொத்தானை இந்தக் கரையில் அளவாகத் தொடுங்கள். மன்னார் வளைகுடாவின் காலை மூட்டம் இந்த இடத்தின் இயல்பு. அதை முற்றாக உரித்தால் கடல் கார்ட்டூன் கடலாகிவிடும். சென்சாரில் ஒட்டிய தூசியை நீக்குங்கள், அது கேமராவின் அழுக்கு. கரையில் கிடக்கும் கிழிந்த வலை, பிளாஸ்டிக் கேன், தூத்துக்குடிப் பக்கம் திரும்பினால் தெரிகிற அனல்மின் நிலையப் புகைபோக்கி, இவையெல்லாம் ஊரில் இருப்பவை. பிடிக்கவில்லையா, இரண்டடி தள்ளி நின்று வேறு கோணம் பாருங்கள். சட்டகத்துக்கு வெளியே விடுவது உங்கள் உரிமை. சட்டகத்துக்குள் வந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் இல்லாத கடலை வரைவது வேறு வேலை.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இந்தக் கரை அப்படியே நிற்கும் கரை இல்லை. எதிரே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்தவை நான்கு: வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. விலாங்குச்சல்லி கடலில் மூழ்கிவிட்டது. 1969இல் 20 ஹெக்டேர் அளவில் இருந்த காரைச்சல்லி, அரை நூற்றாண்டுக்குள் ஆறு ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. அலையைத் தடுத்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தது ஒரு முக்கியக் காரணம். வான் தீவின் முன்னால் 2015 முதல் ஆயிரக்கணக்கான செயற்கைப் பாறைகளை இறக்கி மண்ணரிப்பைத் தடுக்கப் பார்க்கிறார்கள். இந்தக் கடலின் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. குளிப்புக் காலத்தில் மணலில் முளைத்த கொட்டகைகளும் கூட்டமும் இனிப் பழைய படங்களில்தான். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மாவட்டத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின, சேர்த்து வைத்திருந்த உப்பு கரைந்தது. அதற்கு முந்தைய மார்கழியில் அதே வரப்பிலிருந்து எடுத்த படம் உங்களிடம் இருந்தால், அதன் மதிப்பு இப்போது வேறு.

ஆகவே பொழுதுபோக்குக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை சொல்கிறேன். தருவைகுளத்திலோ உங்கள் ஊரிலோ ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். சுலபத்தில் மாறாத ஏதாவது ஒன்று, கோயில் கோபுரமோ மைல்கல்லோ, சட்டகத்தின் ஓரத்தில் இருக்கட்டும். ஒரே லென்ஸ், ஒரே குவியத்தூரம், ஒரே உயரம். முதல் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அதனோடு ஒப்பிட்டு முக்காலியை நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை போதும். ஜூனில் கிழக்குக்கு வடக்கே ஏறக்குறைய 24 பாகை தள்ளியும் டிசம்பரில் தெற்கே அதே அளவு தள்ளியும் சூரியன் எழுவதால், ஒரே இடத்தில் நின்றாலும் பன்னிரண்டு மாதமும் வேறு வேறு வெளிச்சம் கிடைக்கும். சலிப்பே தட்டாது.

தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. வனத்துறை அனுமதியில்லாமல் காலும் வைக்கக் கூடாது, டிரோனும் விடக் கூடாது. துறைமுக வளாகத்திலும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். கரையும் உப்பளமும் ஊர்த்தெருவும் நமக்குத் தாராளம்.

கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் எழுதுங்கள், தேடும்போது தானாக அடுக்கி நிற்கும். எடிட் செய்த படத்தைத் தனியாகச் சேமித்து, ரா கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். படத்தில் இருக்கும் படகின் பெயரையும் குறிப்பில் எழுதிவிடுங்கள். என் நண்பர் அந்த ரா கோப்பைத் திறந்து, இரண்டு படகும் இருக்கும்படி மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு பிரதி இப்போது அந்த மச்சான் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

(அடுத்த வாரம்: தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் இரவுப் படம்)