திருத்தணிக் கூழும் ஓட்ஸ் கஞ்சியும்

திருத்தணி மளிகைக் கடைகளில் கேழ்வரகு மாவுப் பொட்டலங்களுக்குப் பக்கத்துத் தட்டிலேயே இப்போது ஓட்ஸ் பாக்கெட்டும் இருக்கிறது. இரண்டையும் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். கொழுப்பு கூடிவிட்டது, சர்க்கரையைக் கவனியுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியவர் ஓட்ஸை எடுக்கிறார். ஆடி ஞாயிறுக்கு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டவர் கேழ்வரகை எடுக்கிறார். ஒன்று மருந்தாகவும் மற்றது நேர்த்திக்கடனாகவும் பிரிந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு. இரண்டும் முழுத் தானியத்தைத் தண்ணீரில் காய்ச்சிக் குடிக்கும் காலை உணவுகள். எந்தத் தானியம் என்பதைவிட அதை எப்படி உடைத்தோம், ஊறவைத்தோம், காய்ச்சினோம், ஆறவைத்தோம் என்பதில்தான் அதன் நன்மை பெரிதும் அடங்கியிருக்கிறது.

இதைப் பேசத் திருத்தணி பொருத்தமான ஊர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சமையலில் அந்த எல்லை இன்றும் அவ்வளவு கறாராக இல்லை. நகரி, புத்தூர் பக்கம் கேழ்வரகைக் கெட்டியாகக் கிண்டி உருண்டை பிடித்தால் அது சங்கட்டி. பருப்போ நாட்டுக்கோழிப் புலுசோ தொட்டுக்கொள்வார்கள். அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் வந்தால் அதே மாவு புளித்து, வெந்து, மோரில் கரைந்து கூழாகிவிடுகிறது. இரண்டு வழக்கமும் தெரிந்த வீடுகள் திருத்தணியில் நிறைய.

முதலில் ஓட்ஸ். ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான நிலங்களில் விளையும் தானியம் இது. இந்தியாவிலும் விளைகிறது, ஆனால் பெரும்பகுதி வட மாநிலங்களில் குளிர்காலத் தீவனப் பயிராக மாட்டுக்குத்தான் போகிறது. மற்ற தானியங்களைவிட இதில் கொழுப்பு அதிகம். கூடவே அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் லைபேஸ் என்ற நொதியும் இருக்கிறது. மணி முழுசாக இருக்கும்வரை இரண்டும் தனித்தனியே கிடக்கும். அரைத்த கணத்தில் கலந்து, சில நாட்களில் மாவு கசக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் ஆலையில் ஓட்ஸை நீராவியில் சூடேற்றி நொதியை முடக்கிய பிறகே தட்டையாக்குகிறார்கள். பாக்கெட்டில் நம் கைக்கு வருவது பச்சைத் தானியம் அல்ல, பாதி வெந்தது. ஐந்து நிமிடத்தில் கஞ்சியாவதன் காரணம் இதுவே.

கம்பு அரைத்து வைத்திருக்கிற எவருக்கும் இந்தச் சிக்கல் பழக்கமானது. கம்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிராம் கொழுப்பு. மாவு ஒரு வாரத்துக்குள் கசப்பேறும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொண்ட பழக்கத்துக்குப் பின்னால் லைபேஸ்தான் இருந்தது. கேழ்வரகில் கொழுப்பு 2 கிராமைத் தொடாது. மணியாக வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஊர்களைக் காப்பாற்றிய தானியம் இதுவாக இருந்ததற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

ஓட்ஸின் பெருமை முழுக்க பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்தில் இருக்கிறது. கஞ்சி கொதிக்கும்போது கரண்டியில் இழுபடும் வழவழப்பு அதுதான். வெண்டைக்காயின் கொழகொழப்பைப் போன்றது. குடலில் இது தண்ணீரை இழுத்துப் பாகாகிறது. உணவு மெதுவாக நகர்கிறது, குளுக்கோஸ் மெதுவாக இரத்தத்தில் ஏறுகிறது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் அனுப்பும் பித்த அமிலங்கள் இந்தப் பாகில் சிக்கி, திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடுகின்றன. புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான் உண்டால் கெட்ட கொழுப்பு ஓரளவு குறையும் என்பதற்குச் சான்றுகள் வலுவாக இருந்ததால், 1997-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் உறைகளில் அதைச் சொல்ல அனுமதித்தது. கணக்கு மட்டும் கவனிக்க வேண்டியது. 100 கிராம் ஓட்ஸில் பீட்டா குளுக்கான் சுமார் 4 கிராம். 40 கிராம் போட்டுக் காய்ச்சிய ஒரு கிண்ணத்தில் ஒன்றரை கிராம்தான் கிடைக்கும், அதாவது தேவையில் பாதி.

எந்த ஓட்ஸ் என்பதும் முக்கியம். பெரிய தட்டைகளாக உள்ளதன் சர்க்கரை ஏற்றக் குறியீடு 55 அளவில் இருக்கிறது. வெந்நீர் ஊற்றியதும் கரையும் பொடி ரகத்தில் அது 75-ஐத் தாண்டிவிடுகிறது. தானியம் ஒன்றே, துகள் நுணுகியதால் செரிமான நொதிகளுக்கு வேலை எளிதாகிவிட்டது. அதன்மேல் பழச்சுவையும் சர்க்கரையும் சேர்த்த பொட்டலத்தை மருந்தென்று நம்பிச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. கேழ்வரகுக்கும் இதே விதிதான். மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, பாலும் வெல்லமும் சேர்த்துச் சூடாகக் குடித்தால் இரத்தச் சர்க்கரை விரைவாகவே ஏறும். கேழ்வரகு என்பதாலேயே நீரிழிவுக்காரர் எவ்வளவும் குடிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை.

கேழ்வரகின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம், பிறகு ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட் இயக்குநராக இருந்தபோது, 1937-இல், இந்திய உணவுகளின் சத்து அட்டவணை அங்கிருந்து வெளிவந்தது. அந்தக் கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அதன் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 364 மில்லிகிராம்; அதே அளவு பச்சரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. ஒரு சொம்புக் கூழுக்குப் போகும் 50 கிராம் மாவில், 150 மில்லி பசும்பாலில் உள்ள அளவுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. ஓட்ஸ் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. கேழ்வரகு மணி மிகச் சிறியது, தோல் ஒட்டிக்கொண்டே இருப்பது. அரிசியைப்போல் தீட்டி வெளுப்பாக்க எளிதில் இடம் கொடுக்காது. அதனால் தோலின் நாரும் தாதுக்களும் மாவிலேயே தங்கிவிடுகின்றன.

ஆனால் அதே தோலில் டானினும் ஃபைடேட்டும் இருக்கின்றன. ஃபைடேட் என்பது தானியம் தன் முளைக்காகப் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம். குடலில் இது சுண்ணாம்பையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு விடாது. அட்டவணையில் இருக்கும் சத்து உடம்பில் சேர வேண்டுமானால் இந்தப் பிடி தளர வேண்டும். இந்த இடத்தில்தான் கூழ், வெறும் கேழ்வரகுக் கஞ்சியைவிட உயர்ந்த பண்டமாகிறது.

கூழுக்கு மாவை முதல் நாள் இரவே தண்ணீர் விட்டுக் கரைத்து மூடி வைக்கிறார்கள். தானியத்தின் தோலிலும் பானையிலும் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் இரவு முழுதும் பெருகி மாவைப் புளிக்கச் செய்கின்றன. காரகாடித்தன்மை 4 என்ற அளவை நோக்கி இறங்குகிறது. இறங்குகிற வழியில், மாவிலேயே உறங்கிக்கிடந்த ஃபைடேஸ் என்ற நொதிக்கு ஏற்ற சூழல் அமைகிறது. அது ஃபைடேட்டை உடைக்கிறது. 1998-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் உஷா ஆண்டனியும் டி.எஸ். சந்திராவும் கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து அளந்து பார்த்தார்கள். டானின் ஏறத்தாழப் பாதியாகவும், ஃபைடேட் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்திருந்தன. தாதுக்கள் முன்பைவிட எளிதில் பிரிந்து வந்தன. உஷா ஆண்டனி பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சென்னைக் கூழையே நேரடியாக ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வண்டிக் கூழை ஓர் அறிவியலாளர் கூடத்துக்குக் கொண்டுபோனது எனக்குப் பெரிய செய்தியாகவே படுகிறது. நம் பல்கலைக்கழகங்களில் இந்த வகை வேலை இன்னும் பலமடங்கு நடக்க வேண்டும்.

மறுநாள் அடுப்பு வேலை. நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை அதில் ஊற்றி, துடுப்பால் கைவிடாமல் கிண்டுவார்கள். 60 பாகையைத் தாண்டியதும் மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி உப்பி வெடித்துக் கெட்டிப்படுகின்றன. உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டிபடுவது ஏனென்றால், ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் முதலில் வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துவிடுகிறது. இரவே கரைத்த மாவில் அந்தத் தொல்லை இல்லை. கையில் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கி, அப்படியே ஓர் இரவு ஆறவிடுகிறார்கள். ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடல் நொதிகளுக்கு எளிதில் மசியாத வடிவத்துக்கு மாறுகிறது. அந்தப் பகுதி பெருங்குடல் வரை போய் அங்குள்ள நல்ல நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. காலையில் அந்தக் களியை உப்பும் மோரும் விட்டுக் கையால் கரைத்தால் கூழ் தயார்.

சின்ன வெங்காயத்தையும் மாங்காய்க் கீற்றையும் ருசிக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மாங்காயின் வைட்டமின் சி, தானியத்தின் இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்ற உதவுகிறது. வெங்காயமும் பூண்டும் சேர்ந்தால் தானியங்கள், பருப்புகளிலிருந்து இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக விடுபடுகின்றன என்று மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010-இல் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினர். மனிதர்களை வைத்துச் செய்த சோதனை அல்ல அது. இருந்தாலும் கூழைக் குடித்துவிட்டு வெங்காயத்தைக் கடிப்பவர் சரியான திசையில்தான் இருக்கிறார்.

புளிக்கவைப்பது நம் பக்கத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஓட்ஸை அரைத்தபின் உமியில் ஒட்டி நிற்கும் மாவை வீணாக்காமல், நாட்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, வடித்து, அடியில் தங்கிய மாவைக் காய்ச்சி ‘சோவன்ஸ்’ என்று குடித்தார்கள். அவர்கள் கஞ்சி கிண்டுவதும் கரண்டியால் அல்ல, ‘ஸ்பர்ட்டில்’ என்ற மரக்கோலால். காய்ச்சிய கஞ்சியை மேசை இழுப்பறையில் ஊற்றி ஆறவிட்டு, மறுநாள் துண்டுபோட்டு வேலைக்கு எடுத்துப்போன வழக்கமும் அங்கே சொல்லப்படுகிறது. தண்ணீர், உப்பு, ஓட்ஸ், இவ்வளவுதான் அவர்களின் பழைய கஞ்சி. பாலும் சர்க்கரையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

ஆகவே ஓட்ஸைக் கூழின் வழியில் சமைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் வீட்டுச் செய்முறை இது: 40 கிராம் பெரிய தட்டை ஓட்ஸ், மூன்று பங்கு தண்ணீர், சிட்டிகை உப்பு. பச்சைத் தண்ணீரிலேயே ஓட்ஸைப் போட்டு மிதமான தீயில் வைக்க வேண்டும். மெல்ல மெல்லச் சூடேறும்போது பீட்டா குளுக்கான் நன்றாகக் கரைந்து இறங்கி, கஞ்சி வழவழவென்று வரும். ஆறு, ஏழு நிமிடத்தில் இறக்கி, முழுக்க ஆறியதும் கெட்டி மோர், நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மோரைச் சூட்டில் ஊற்றினால் திரிந்துபோகும். சுட்ட மோர்மிளகாயோ கொத்தவரை வற்றலோ பக்கத்தில் இருந்தால் பால் ஊற்றிய ஓட்ஸை யாரும் தேடமாட்டார்கள். பாதி கேழ்வரகுக் கூழ், பாதி ஓட்ஸ் கஞ்சி என்று கலந்து கரைத்தால் ஒன்றின் சுண்ணாம்பும் மற்றதன் கரையும் நாரும் ஒரே சொம்பில் கிடைக்கும்.

குழந்தைக்கும் நோயில் கிடந்து எழுந்தவருக்கும் வேறு கணக்கு. கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவுதான் அவர்களுக்கு ஏற்றது. முளைக்கும்போது அமைலேஸ் நொதி பிறந்து மாவுச்சத்தை வெட்டிவிடுவதால் கஞ்சி கெட்டியாகாது. அதே நீர்ப்பதத்தில் கூடுதல் மாவைச் சேர்க்க முடியும், சிறு வயிற்றுக்கு அதிக சத்து போகும். விரைவாகச் செரிக்கும் இந்தக் குணமே நீரிழிவுக்காரருக்கு ஆகாது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி வருகிறவர்கள் வழியில் வண்டிக் கூழ் வாங்கிக் குடிக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பானையில் இருக்கும் புளித்த களியில் நோய்க் கிருமிகள் எளிதில் வளராது, அமிலம் விடாது. ஆபத்து, அதைக் கரைக்கக் கடைசியில் ஊற்றும் தண்ணீரிலும், சொம்பைக் கழுவும் வாளியிலும் இருக்கிறது. கேன் தண்ணீரா, கொதித்து ஆறியதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வீட்டில் முதன்முறை செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆடி வெக்கையில் ஓர் இரவிலேயே மாவு புளித்து, மேலே சிறு குமிழிகள் தெரியும். மார்கழி, தையில் அதே மாவுக்கு இன்னும் அரை நாளோ ஒரு நாளோ பிடிக்கும். அவசரமென்றால் முந்தைய முறை புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்துவைத்துப் புது மாவில் கலந்துவிடலாம். வேலைக்குப் பழகிய நுண்ணுயிரிகள் அதில் கோடிக்கணக்கில் இருக்கும். வாசனை மோர்ப்புளிப்பாக இருந்தால் சரி. பூசணம் தெரிந்தாலோ அழுகல் நெடி வந்தாலோ முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.