பந்தயக் குதிரை ஜட்கா இழுக்குமா?

ஜட்கா வண்டியில் பூட்டும் குதிரையும் குதிரை, பந்தயத்தில் ஓடும் குதிரையும் குதிரைதான். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஜட்காக் குதிரை, கூப்பிட்ட இடத்தில் நிற்கும், வெயிலில் காத்திருக்கும், நூறடி நடந்து மறுபடியும் நிற்கும். பந்தயக் குதிரையோ நிற்கப் பழகியதில்லை. பாய்வதற்கென்றே வளர்க்கப்பட்டது அது.

கார்களிலும் இப்படி இரண்டு வகை உண்டு. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய் வருவதற்கான கார் ஒன்று. மிகு விரைவுக்காக உருவாக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் மற்றொன்று. இந்த இரண்டாவது வகைக் காரில் ஒருவர் தினந்தோறும் வேலைக்குப் போய் வர முடியுமா? "பணம் இருந்தால் முடியும்!" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் பணத்தை விடச் சுவையான விஷயம் இதில் இருக்கிறது. உங்கள் பௌதிகப் பாடத்திலுள்ள பாதி விதிகள் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கின்றன. வாருங்கள், பார்ப்போம்.

லாபம் 36 வினாடி!

மணிக்கு 270 கி.மீ. விரைவில் ஓடக்கூடிய கார் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அலுவலகம் 12 கி.மீ. தொலைவில் இருக்கிறது. வழியில் அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக 24 சிக்னல்கள். நகருக்குள் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. இதே வழியில் சாதாரணக் காரில் வரும் உங்கள் நண்பரை விட நீங்கள் எவ்வளவு முன்னதாகப் போய்ச் சேர்வீர்கள்?

உச்ச விரைவு இருவருக்கும் ஒன்றுதான்: 50 கி.மீ. ஆகவே உங்கள் கார் முந்தக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. பச்சை விளக்கு எரிந்ததும், நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. விரைவை எட்டும் அந்தச் சில வினாடிகள்! சாதாரணக் கார் இதற்கு 6 வினாடி எடுத்துக் கொள்கிறது, உங்கள் கார் 3 வினாடி எடுத்துக் கொள்கிறது என்போம். சீரான முடுக்கத்தில் சராசரி விரைவு, முடிவு விரைவில் பாதியாக இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? எனவே ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நண்பர் இழப்பது 3 வினாடி. நீங்கள் இழப்பது 1½ வினாடி. வேறுபாடு 1½ வினாடி. 24 சிக்னலுக்கும் சேர்த்தால் 36 வினாடி.

அவ்வளவுதான்! அதையும் ஒரே ஒரு சிவப்பு விளக்கு விழுங்கிவிடும். முந்திச் சென்ற நீங்கள் சிக்னலில் காத்திருப்பீர்கள். நண்பர் நிதானமாக வந்து உங்கள் பக்கத்தில் நிற்பார்.

யானையைக் கட்டித் தீனி

லாபம் இல்லை, சரி, நஷ்டமாவது இல்லாமல் இருக்குமா? அதையும் கணக்கிடுவோம்.

சமதளச் சாலையில் சீரான விரைவில் செல்லும் காரை இரண்டு தடைகள் பின்னுக்கு இழுக்கின்றன. ஒன்று, டயர்களின் உருளல் தடை. இது ஏறக்குறைய மாறாமல் இருக்கும். மற்றொன்று காற்றின் தடை. இது விரைவின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ விரைவின் முப்படியைப் பொறுத்து வளரும்.

சுமார் 1,400 கிலோகிராம் நிறையுள்ள, காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவமுடைய ஒரு காருக்கு இந்தக் கணக்கைப் போட்டால், மணிக்கு 50 கி.மீ. விரைவில் ஓட ஏறக்குறைய 5 குதிரைத் திறன் போதும். 100 கி.மீ. விரைவுக்குச் சுமார் 18 தேவை. 270 கி.மீ. விரைவுக்கோ 240க்கும் மேல் வேண்டும்! ஆக, 270 குதிரைத் திறன் கொண்ட எஞ்சினோடு நகரில் போகும்போது, வண்டியை இழுப்பவை 5 குதிரைகள். மற்ற 265ம் சும்மா கூட வருகின்றன.

சும்மா வந்தாலும் அவை தீனி தின்னாமல் வருவதில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று என்ற விகிதத்தில் கலவை உள்ளே போக வேண்டும். குறைந்த திறன் போதும் என்றால், உள்ளே போகும் காற்றையும் ஒரு தடுக்கிதழால் அடைத்துக் குறைக்க வேண்டும். இளநீர் குடிக்கும் குழலை விரலால் நசுக்கிக் கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் வலிக்கும்! எஞ்சினின் பிஸ்டன்களும் அந்தப் பாடுதான் படுகின்றன. எஞ்சின் எவ்வளவு பெரிதோ, நகர விரைவில் தடுக்கிதழ் அந்த அளவுக்கு மூடியிருக்கும். உறிஞ்சும் உழைப்பும் உராய்வும் பெட்ரோலைத் தின்றுகொண்டே இருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அது இதுதான்.

ஓட்டுபவர் படும் பாடு

பெட்ரோலோடு போயிற்றா? இல்லை. கிளட்சைப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது உராய்வு விசை. உராய்வு விசை, தட்டுகளை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வலுவான எஞ்சின் என்றால் கடினமான சுருள்வில் வேண்டும். கடினமான வில் என்றால், அதை எதிர்த்து மிதிக்கும் காலுக்கு வேலை அதிகம். நெரிசலில் ஒரு மணி நேரம் கிளட்சை மிதித்து மிதித்து விட்டால் இடது கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

அடுத்து, பார்வை. 1974 முதல் விற்பனைக்கு வந்த இத்தாலியின் லம்போர்கினி கூன்டாஷ் என்ற புகழ் பெற்ற காரின் உயரம் 1.07 மீட்டர்தான். உங்கள் மார்பளவுகூட இராது! எஞ்சின் ஓட்டுபவருக்குப் பின்னால் இருந்ததால் பின்புறம் சரியாகத் தெரியாது. அதைப் பின்னோக்கி நகர்த்த வேண்டுமென்றால், கதவை மேலே தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தபடி ஓட்டுவது வழக்கமாகவே இருந்தது. காட்சிக்கு இது அழகு. தினமும் காலையில் அலுவலக வாசலில் செய்வதென்றால்?

இவற்றையெல்லாம் அக்காலத்தில் பலரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. "மிகு விரைவு வேண்டுமா? இந்தத் துன்பங்களைப் பொறுத்துக் கொள்" என்பதே எழுதாத சட்டமாக இருந்தது.

ஜப்பானில் எழுந்த கேள்வி

1980களில் ஜப்பானின் ஹோண்டா நிறுவனப் பொறியியலாளர்கள் இந்தச் சட்டத்தையே கேள்வி கேட்டார்கள். விரைவாக ஓடும் கார் ஏன் ஓட்டுபவரை வருத்த வேண்டும்? ஷிகெரு உயெஹாரா என்பவர் தலைமையில் அவர்கள் உருவாக்கிய கார் என்.எஸ்.எக்ஸ். 1989இல் அமெரிக்காவின் சிகாகோ கார்க் கண்காட்சியில் உலகம் அதைப் பார்த்தது. 1990இல் விற்பனைக்கு வந்தது. 3 லிட்டர் எஞ்சின், 270 குதிரைத் திறன், மணிக்குச் சுமார் 270 கி.மீ. உச்ச விரைவு. ஆம், மேலே நாம் கணக்குப் போட்டது இத்தகைய காருக்குத்தான்!

ஓட்டுபவருக்கு நாற்புறமும் தெரிய வேண்டும் என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு கார் அன்று, எஃப்-16 என்ற போர் விமானம். அதன் விமானி கண்ணாடிக் குமிழுக்குள் முன்தள்ளி உட்கார்ந்திருப்பார். அதுபோல என்.எஸ்.எக்ஸின் இருக்கைகளும் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன; தூண்கள் ஒல்லியாக்கப்பட்டன. கிளட்சில் ஒரு தட்டுக்குப் பதிலாக இரண்டு தட்டுகள் வைத்தார்கள். உராயும் பரப்புகள் இரட்டிப்பானதால், அழுத்தும் விசை குறைவாக இருந்தாலே போதும். காலுக்கு ஓய்வு!

இரு குணம் கொண்ட எஞ்சின்

எல்லாவற்றையும் விடக் கடினமான சிக்கல் எஞ்சினில் இருந்தது. இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழலக் கூடியது. அந்த விரைவில் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கிக் கலவையை உறிஞ்சக் கிடைக்கும் நேரம், ஒரு வினாடியில் சுமார் 267இல் ஒரு பங்குதான். அதற்குள் போதிய கலவை உள்ளே புக வேண்டுமானால், வால்வு அகலமாகவும் நெடுநேரமும் திறந்திருக்க வேண்டும். பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும்கூடச் சற்று நேரம் திறந்திருக்கலாம். பாய்ந்து வரும் கலவை தன் நிலைமத்தால் தொடர்ந்து உள்ளே புகும்.

ஆனால் சிக்னலிலிருந்து மெதுவாகக் கிளம்பும்போது? கலவையில் அந்தப் பாய்ச்சல் இராது. நெடுநேரம் திறந்திருக்கும் வால்வின் வழியே, மேலேறும் பிஸ்டன் அதை வெளியே தள்ளிவிடும். எஞ்சின் திணறும். பந்தய எஞ்சின்கள் நெரிசலில் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே வால்வு இரண்டு விதமாகத் திறக்க முடியுமா? வால்வைத் திறப்பது, முட்டை வடிவில் புடைத்த ஒரு சுழலும் நெம்புருளை. ஹோண்டாவினர் ஒவ்வோர் இரட்டை வால்வுக்கும் மூன்று நெம்புருளைகள் வைத்தனர். ஓரத்து இரண்டும் குறைவாகப் புடைத்தவை. நடுவில் இருப்பது அதிகம் புடைத்தது. மெதுவாக ஓடும்போது ஓரத்து உருளைகளே வால்வுகளைத் திறக்கும். நடு உருளை தன் நெம்புகோலை மட்டும் அசைத்துக்கொண்டு சும்மா சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்றுகளை எட்டியதும், எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று நெம்புகோல்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அப்போது நடு உருளையின் ஆட்சி! நகரில் ஜட்காக் குதிரை, திறந்த வெளியில் பந்தயக் குதிரை. இரண்டும் ஒரே லாயத்தில்.

இந்த எஞ்சினில் பிஸ்டனைத் தாங்கும் இணைப்புத் தண்டுகள் டைட்டானியக் கலவையால் ஆனவை. 8,000 சுற்றில் பிஸ்டன் திசை மாறும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 2,500 மடங்குக்கு மேல் இருக்கும். எடை குறைந்த தண்டு இருந்தால்தான் எஞ்சின் அதைத் தாங்கும்.

அரை லிட்டர் வெந்நீர்

இனி, காரின் எடை. ஓட்டுபவரோடு சேர்த்து 1,450 கிலோகிராம் உள்ள கார் மணிக்கு 50 கி.மீ. விரைவில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,40,000 ஜூல். பிரேக் போட்டால் அத்தனையும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். அந்த வெப்பம் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 24 சிக்னல் என்றால் 12 லிட்டர் வெந்நீர்! தினமும் வீணாகப் போகிறது.

எடையைக் குறைத்தால் இந்த இழப்பும் அதே விகிதத்தில் குறையும். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே தகட்டைத் தடிமனாக்க வேண்டியிருக்கும். அப்படியும், முழுக்க அலுமினியத்தால் செய்த என்.எஸ்.எக்ஸின் உடற்கூடு 210 கிலோகிராம்தான் இருந்தது. எஃகால் செய்திருந்தால் சுமார் 350 கிலோகிராம் ஆகியிருக்கும்.

1989இல் ஜப்பானின் சுசுகா பந்தயப் பாதையில் மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்த பிரேசில் நாட்டு வீரர் அயர்டன் சென்னா, கார் இன்னும் சற்று மென்மையாக இருப்பதாகக் கருத்துச் சொன்னார். பொறியியலாளர்கள் முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் உழைத்து, உடற்கூட்டின் விறைப்பைச் சுமார் 50 விழுக்காடு கூட்டினார்கள்.

பலன் என்ன தெரியுமா? அப்போது மெக்லாரன் எஃப்1 என்ற காரை வடிவமைத்துக் கொண்டிருந்த கார்டன் மரே, என்.எஸ்.எக்ஸை ஓட்டிப் பார்த்த பிறகு, ஓட்டத்தின் இதத்துக்கு அதையே தம் அளவுகோலாகக் கொண்டார். 1998இல் மணிக்கு 386 கி.மீ. விரைவை எட்டிய மெக்லாரன் எஃப்1, பெட்டி படுக்கை வைக்க இடத்தோடும் மூவர் அமரும் வசதியோடும் பிறந்ததை மறக்கக் கூடாது.

அப்படியானால் முடியுமா, முடியாதா?

முடியும். ஓட்டுபவரை வருத்தாமல் முடியும் என்று 1990இலேயே என்.எஸ்.எக்ஸ். காட்டிவிட்டது. ஆனால் பொறியியலால் மாற்ற முடியாத சில உண்டு. இத்தகைய காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண்கூட இராது. உயரமான வேகத்தடை அதற்கு ஒரு மலை. அந்த 36 வினாடியும் 37 ஆகப் போவதில்லை. பெட்ரோல் எஞ்சினின் தீனிச் செலவும் முழுதாக மறையப் போவதில்லை.

வெந்நீர்க் கணக்குக்கு மட்டும் பின்னால் ஒரு விடை வந்தது. 2016இல் வெளிவந்து 2022 வரை தயாரிக்கப்பட்ட இரண்டாவது என்.எஸ்.எக்ஸில் பெட்ரோல் எஞ்சினோடு மூன்று மின் மோட்டார்களும் இருந்தன. பிரேக் போடும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்பியது. இன்று சாதாரண மின்சாரக் கார்களும் இதைச் செய்கின்றன.

ஒரு கருவியின் உச்சத் திறன் என்ன என்பது ஒரு கேள்வி. தினசரி வேலையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தேடுபவர்கள் பலர். இரண்டுக்கும் சேர்த்து விடை தேடுபவரே நல்ல பொறியியலாளர்.

நாளைக்கு நீங்கள் பள்ளிக்குப் பேருந்தில் போனால், கையில் ஒரு கடிகாரத்தோடு உட்காருங்கள். எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்துக் கொள்ளுங்கள். மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்துச் சராசரி விரைவைக் கண்டுபிடியுங்கள். பிறகு, பேருந்து இருமடங்கு முடுக்கத்தோடு கிளம்பியிருந்தால் எத்தனை வினாடி மிச்சமாகியிருக்கும் என்று கணக்கிடுங்கள். விடை உங்களை வியக்க வைக்கும்!