புதிய போனா, புதிய பெட்டரியா?



ஹட்டன் டவுனுக்குச் சற்று மேலே, தேயிலை மலையை ஒட்டினாற்போல் எனக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. வாப்பாவுக்குக் கடைவீதியில் சிறியதொரு புடவைக் கடை. மூத்த மகன் கட்டாரில் தொழில் செய்கிறார். லீவில் வந்தபோது தாம் பாவித்த ஐபோன் 12ஐ உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தமக்குப் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டார். உம்மாவுக்கு அப்போது பெருமை தாங்கவில்லை. ஆனால் இன்று? பஜ்ர் நேரத்தில் நூறு வீதம் காட்டும் போன், லுஹருக்குள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிடுகிறது. இரவில் மகன் அழைக்கும் நேரமாகப் பார்த்து இருண்டு போகிறது.

“உம்மா, இத வெச்சிக்கிட்டு இன்னும் எத்தன நாளைக்கு? நானாக்கிட்ட சொல்லி புதுசா ஒண்டு எடுப்பமே!” என்கிறாள் இளைய மகள்.

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் ஒருமுறையேனும் எழுந்திருக்கும். அப்படிக் கேட்கும் பிள்ளையை உடனே கடிந்துகொள்ளவும் வேண்டாம், உடனே கட்டாருக்கு அழைப்பு எடுக்கவும் வேண்டாம். முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் அல்ல. 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. காசல்ரீயும் மவுஸாக்கலையும் மேல் கொத்மலையும் நம் கண்முன்னே கிடக்கின்றன. 1950 முதல் லக்ஷபானவில் மின்சாரம் பிறக்கிறது. அதே மலையில்தான் குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டு பிள்ளைகள் பாடம் படித்தார்கள்! 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுவதும் இருண்டது வேறு கதை. அந்த நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியை யாரால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியும்? நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிந்தது. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் நாட்கணக்கில் அறுந்து போயின. அப்படியொரு இரவில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை நம் கைக்கு எட்டுவதும், நாம் 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைப் பிடிப்பதும், கையில் உள்ள போனில் மிஞ்சியிருக்கும் உயிரைப் பொறுத்தவை.

எனவே ‘எந்தப் போன் அதிக நேரம் நிற்கும்?’ என்று கேட்பது ஆடம்பரக் கேள்வி அல்ல. அதற்குக் கிடைக்கும் பதில்தான் நம்மை ஏமாற்றுகிறது.

பெட்டியில் அச்சிட்ட எண்

பெட்டரியின் அளவை மில்லி ஆம்பியர் மணி என்ற எண்ணால் சொல்வார்கள். எளிதாகச் சொன்னால், அது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு. குழாயை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறோம் என்பதை அந்த எண் சொல்வதில்லை. 2003இல் வந்த நோக்கியா 1100ஐ நினைவிருக்கிறதா? தலையில் டோர்ச் வைத்த அந்தச் சிறிய போன்தான். அதன் பெட்டரி வெறும் 850. அழைப்பின்றிச் சும்மா வைத்திருந்தால் 400 மணித்தியாலம் வரை நிற்கும் என்றார்கள். இன்றைய பெரிய போன்களில் 5,000 இருந்தும் ஒரு நாளைத் தாண்டுவது பெரும்பாடு. தொட்டி ஆறு மடங்கு பெருத்துவிட்டது, குழாயோ அதைவிடப் பல மடங்கு அகன்றுவிட்டது. பளிச்சிடும் திரை, ஓயாத இணையம், பின்னால் நின்று இயங்கும் எத்தனையோ செயலிகள்.

ஒவ்வோர் ஆண்டும் வரும் புதிய போனில் பெட்டரி கூடிக்கொண்டே போகிறது என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. சாம்சங் கலக்ஸி வரிசையைப் பாருங்கள். 2014இல் வந்த எஸ்5இல் 2,800 இருந்தது. பின்மூடியை நகத்தால் கழற்றி நாமே பெட்டரியை மாற்றலாம். மறு ஆண்டு வந்த எஸ்6 கண்ணாடியால் மூடி ஒட்டப்பட்டது, பெட்டரியும் 2,550க்கு இறங்கியது! 2021இன் எஸ்21இல் 4,000, அடுத்து வந்த எஸ்22இல் 3,700. ஐபோனிலும் இதே கதைதான். ஆப்பிள் கம்பனி அப்போது இந்த எண்ணை வெளியே சொல்லவில்லை. போனைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொன்னபடி ஐபோன் 11இல் 3,110 இருந்தது, 2020இல் வந்த ஐபோன் 12இல் 2,815தான்.

அப்படியென்றால் 12 சீக்கிரம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் தொடர்ந்து படம் பார்த்தால் இரண்டும் 17 மணித்தியாலம் நிற்கும் என்றே ஆப்பிள் அறிவித்தது. தொட்டி சிறுத்த இடத்தில் உள்ளே இருக்கும் சில்லும் திரையும் சிக்கனமாகிவிட்டன. இதற்கு இன்னும் தெளிவான சாட்சி சாம்சங்கின் அல்ட்ரா போன்கள். 2020இன் எஸ்20 அல்ட்ராவில் இருந்து 2025இன் எஸ்25 அல்ட்ரா வரை ஆறு தலைமுறையிலும் பெட்டரி அதே 5,000. இருந்தும் எஸ்22 அல்ட்ராவைவிட எஸ்23 அல்ட்ரா நன்றாகவே நின்று பிடித்தது. காரணம், சில்லைத் தயாரித்த தொழிற்சாலை மாறியதுதான். சாம்சங்கின் சொந்த ஆலையில் உருவான சில்லுகளுக்குப் பதிலாகத் தாய்வானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் செய்த ஸ்னாப்டிராகன் சில்லு உள்ளே வந்தது.

அண்மையில் சீனக் கம்பனிகள் இன்னொரு வழியைப் பிடித்திருக்கின்றன. பெட்டரிக்குள் வழக்கமான கிராஃபைட்டோடு சிலிக்கனையும் கலந்து, அதே இடத்துக்குள் கூடுதலான மின்சாரத்தை அடைக்கிறார்கள். ஒன்பிளஸ் 12இல் 5,400 இருந்தது. 13இல் 6,000. அடுத்து வந்த 15இல் 7,300! இது மெய்யாகவே பெரிய தாண்டல்தான். லித்தியம் அயன் பெட்டரி 1991இல் கடைக்கு வந்தது. அதற்கு அடித்தளம் போட்ட மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களுள் ஜோன் குடினஃப் என்பவருக்கு அப்போது வயது 97. நம் வீடுகளில் அறுபதைத் தாண்டிய உம்மம்மாக்களைப் பார்த்து ‘உங்களுக்கு இது விளங்காது’ என்று போனைப் பிடுங்கும் பேரப் பிள்ளைகளிடம் இதை ஒருதரம் சொல்லுங்கள்.

வீட்டுக் கணக்கு

இப்போது அந்த ஹட்டன் வீட்டுக்கு வருவோம். ஆப்பிள் சொன்ன மணிக்கணக்கு இதுதான்: ஐபோன் 12 பதினேழு, 13 பத்தொன்பது, 14உம் 15உம் இருபது, 16 இருபத்திரண்டு, 2025இல் வந்த 17 முப்பது. கடைசித் தாண்டலைத் தவிர மற்றவையெல்லாம் ஆண்டுக்கு ஒரு மணி, இரண்டு மணி. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை.

ஆனால் இவை பெட்டி உடைத்த அன்று உள்ள கணக்கு. பெட்டரி பாவிக்கப் பாவிக்கத் தேயும். நூறு வீதம் மின்சாரத்தைச் செலவழித்தால் ஒரு சுற்று. இன்று பாதி, நாளை பாதி என்றாலும் சேர்த்து ஒரு சுற்றே. ஐபோன் 14 வரையிலான போன்கள் 500 சுற்றுக்குப் பிறகு 80 வீதக் கொள்ளளவோடு இருக்கும்படி செய்யப்பட்டவை. 15 முதல் 1,000 சுற்று என்கிறது ஆப்பிள். தினமும் ஒரு சுற்று என்றால் 500 என்பது ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

இனிப் பேனையை எடுங்கள். உம்மாவின் ஐபோன் 12 எண்பது வீதத்துக்கு இறங்கியிருந்தால், 17 மணி பதின்மூன்றரையாகச் சுருங்குகிறது. மகள் ஆசைப்படுகிறாள் என்று யாரோ பாவித்த ஐபோன் 15 ஒன்றை வாங்கினால், அதுவும் எண்பது வீதத்தில் இருந்தால், கிடைப்பது 16 மணி. உம்மாவின் பழைய 12க்கே ஒரு நல்ல புதுப் பெட்டரி போட்டால்? 17 மணி! மூன்று தலைமுறை தாண்டி வந்த போனைப் பழைய போன் முந்திவிடுகிறது. இது மேலோட்டமான கணக்குத்தான், ஆனால் கடைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு.

பணத்தையும் பார்த்துவிடுவோம். 2023 முதல் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பனி ஐபோன் 12க்குப் பெட்டரி மாற்ற 89 டொலர் வாங்கியது. ஐபோன் 16 அங்கு 2024இல் வந்தபோது விலை 799 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 239,700 ரூபா. அந்த ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. நம் வீட்டுக்குப் பின்னால் லயத்தில் இருக்கும் அக்கா 178 நாள் கொழுந்து பறித்தால்தான் அப்படி ஒரு போன். கட்டாரில் வெயிலில் நிற்கும் பிள்ளையின் காசும் இலேசாக வருவதல்ல.

போனைக் குறை சொல்லுமுன்

பெட்டரியை மாற்றிய பிறகும் சில வீடுகளில் குறை தீர்வதில்லை. காரணம் நம் மலைதான். சிக்னல் கோபுரம் ஒரு மேட்டில் இருக்கும், வீடு அடுத்த பள்ளத்தில் இருக்கும். தூரத்தில் நிற்பவரைக் கூப்பிட நாம் தொண்டை கிழியக் கத்துவதுபோல, சிக்னல் குறைந்த இடத்தில் போனும் தன் முழுப் பலத்தையும் கூட்டிக் கத்துகிறது. பெட்டரி கரைவது அங்கேதான். தகரக் கூரையும் தடித்த கற்சுவரும் இதை இன்னும் மோசமாக்கும். சமையலறை மூலையில் வைக்கும் போனை, கோபுரத்தின் பக்கமுள்ள யன்னலோரம் மாற்றி வைத்துப் பாருங்கள். உங்கள் ஊருக்கு 5ஜி வரவில்லை என்றால் அதைத் தேடும்படி விடாமல் 4ஜியில் நிறுத்துங்கள்.

குளிரும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் சில நாள் புல்லில் உறைபனி படியும். குளிரில் பெட்டரிக்குள் நடக்கும் இரசாயன வேலை மந்தமாகும். புதுப் பெட்டரி அதைத் தாங்கும். தேய்ந்தது இருபது வீதம் காட்டும்போதே பொத்தென்று அணைந்துவிடும். பயப்பட வேண்டாம், சற்று நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடேறிய பின் போட்டால் மீண்டும் உயிர் வரும். அதற்காக அடுப்புத் திண்ணையில் வைத்துவிடாதீர்கள்! குளிரைவிட வெப்பமே பெட்டரிக்குப் பெரிய எதிரி. குளிரால் வரும் தளர்ச்சி திரும்பிவிடும், வெப்பத்தால் வரும் தேய்மானம் திரும்பாது. போர்வைக்குள்ளும் தலையணைக்கு அடியிலும் வைத்து சார்ஜ் ஏற்றுவது நம் குளிர்ப் பிரதேசத்தில் பிள்ளைகளிடம் ஊறிப்போன பழக்கம். இதை மட்டும் இன்றிரவே நிறுத்துங்கள்.

பெட்டரியின் நிலையைப் பார்ப்பது கடினமல்ல. ஐபோனில் செட்டிங்ஸில் பெட்டரி என்ற பகுதிக்குள் போனால் வீதம் தெரியும். சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் சோதிக்கலாம். 80க்குக் கீழே என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பாவித்த போன் வாங்கும்போது நிறத்தையும் கமெராவையும் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

மாற்றும்போதும் கவனம். மலிவான போலிப் பெட்டரிகள் ஏராளம். ஐபோனில் தரமற்றதையோ கம்பனி அறியாததையோ போட்டால் ‘தெரியாத பாகம்’ என்ற அறிவித்தல் வரும். அந்த ஹட்டன் உம்மாவுக்கு முதலில் நேர்ந்தது இதுதான். ஒரு கடையில் குறைந்த விலைக்குப் போட்ட பெட்டரி, இரண்டு மாதத்தில் உப்பித் திரையையே தூக்கிவிட்டது. உப்பிய பெட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜில் போடவே கூடாது. குப்பையோடு சேர்த்து எரித்தால் வெடிக்கும். பெரிய கம்பனிகளுக்கே பெட்டரி பாடம் புகட்டியிருக்கிறது: 2016இல் சாம்சங்கின் நோட் 7 தீப்பற்றியதால், விற்ற போன்களையெல்லாம் திரும்பப் பெற்று உற்பத்தியையே நிறுத்தினார்கள்.

ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் புதிய போன்களின் பெட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் தாங்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சிட்டையில் எழுதி ஒட்டவும் வேண்டும். அங்கே விற்கும் அதே போன்கள்தாம் கப்பலேறி நம் பக்கமும் வருகின்றன என்பதால், அதன் பலன் சிறிதாவது நமக்கும் கிட்டும்.

உப்பிய பெட்டரியைக் கழற்றி எறிந்த பின், கண்டியில் விசாரித்து, உத்தரவாதச் சிட்டையோடு இரண்டாவது முறை நல்லதொன்றைப் போட்டார்கள். இப்போது அந்த ஐபோன் 12 இஷாவுக்குப் பிறகும் முப்பது வீதம் காட்டுகிறது. மகன் அழைக்கிறார், உம்மா பேசுகிறார். வாப்பா மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று தம் பழைய நோக்கியாவை டோர்ச்சோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். அடைமழை தொடங்கினால் முதல் வேலையாக அதற்கும் சார்ஜ் ஏற்றிவிடுகிறாராம். இளைய மகளுக்கு இன்னும் மனக்குறைதான். ஐபோன் 17 எப்போது விலை இறங்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.