வெலிமடையிலிருந்து கிரிந்தைக் கடல் வரை

மலைநாட்டில் வாழ்வோர்க்குக் கடல் மிகத் தொலைவானது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், வெலிமடையில் விடியற்காலையில் புறப்படும் ஒருவர் பண்டாரவளை, எல்ல, வெல்லவாய, திஸ்ஸமகாராம வழியாக ஏறக்குறைய 130 கிலோமீற்றர் கடந்து, நண்பகலளவில் கிரிந்தைக் கடற்கரையில் நிற்கலாம். அண்மையில் நண்பர் சிலருடனும் மாணாக்கருடனும் நாம் அவ்வழியே சென்று வந்தோம். இயற்கைக் காட்சிகள் நிறைந்த இவ்வழிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. வெலிமடையின் ஆற்று நீரும் இப்பொழுது இதே திசையிற் செல்கிறது.

திசை திரும்பிய ஆறு

உமா ஓயா இயல்பில் வடக்கு நோக்கிப் பாய்வது. ரந்தம்பையை அண்டி மகாவலியுடன் கலந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைவதே அதன் தொன்றுதொட்ட வழி. அதன் நீரில் ஒரு பகுதியைப் புகுல்பொலவில் அணைகட்டி மறித்து, மலைகளைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தெற்கே திருப்பும் திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. கரந்தகொல்லையில் நிலத்தின் அடியே அமைந்துள்ள நிலையம் 120 மெகாவாட் மின்வலு தரவல்லது. மின்னைத் தந்த பின் அந்நீர் கிரிந்தி ஓயாவின் படுகையைச் சேர்ந்து, வறண்ட தென்னிலத்துக்குப் பயன்படுகிறது.

இந்நன்மைக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. சுரங்கம் தோண்டும்போது, 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் பின்னர் 2017ஆம் ஆண்டிலும், நிலத்தடி நீர் பெருமளவில் உள்ளே கசிந்தது. பண்டாரவளைச் சுற்றுப்புறங்களிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. தலைமுறை தலைமுறையாக நீர் மொண்ட கிணற்றடியிலே வெறுங்குடத்துடன் நிற்கும் துயரத்தை அவ்வூர்க் குடும்பங்கள் அறியும்.

மலையிறக்கம்

எல்லயைக் கடந்ததும் வீதி வளைந்து வளைந்து இறங்குகின்றது. வீதியோரத்திலேயே இராவணன் நீர்வீழ்ச்சி பாறைகளின் மேல் வெண்பட்டு விரித்தாற்போல் விழுகின்றது. இதுவும் கிரிந்தி ஓயாவுக்கே உரிய நீர். வெல்லவாயவை அடைவதற்குள் கம்பளிச் சட்டைகளைக் களைந்துவிடத் தோன்றும். தேயிலை மறைந்து, நெல்வயலும் முட்புதரும் தோன்றும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரு வேறு நாடுகளைக் கண்டாற்போன்ற உணர்வு உண்டாகும்.

தனமல்விலவுக்கு அப்பால், கிரிந்தி ஓயாவை மறித்துக் கட்டிய லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. அதற்கும் கீழே திஸ்ஸ வாவி முதலிய பண்டைய குளங்கள் உள்ளன. எனினும் நீர் மிகுவது எங்கும் நன்மையன்று. கிரிந்தைக்கு மேற்கேயுள்ள பூந்தலக் களப்புகளில் வயல்களின் வடிகால் நீர் கலந்து உப்புத்தன்மையைக் குறைத்தது. உவர்நீர்ச் சிற்றுயிர்களை உண்டு வாழும் பறவைகளின் உணவும் அதனால் மாறியது. இப்பூந்தலவே 1990ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ச் சேர்க்கப்பட்ட இலங்கையின் முதலாவது ஈரநிலம். ஓரிடத்து நீரை அசைத்தால் எத்தனை உயிர்களின் வாழ்வு அசைகிறது என்பதை மாணாக்கர் இங்கே கண்கூடாகக் கற்கலாம்.

கிரிந்தைக் குன்றின் மேல்

கிரிந்தை மீனவர் வாழும் சிற்றூர். மலாய் மொழி பேசும் குடும்பங்களும் இங்கு உள்ளன. கடலோரக் குன்றின்மேல் விகாரையொன்று நிற்கிறது. ஏறி நின்றால் மூன்று புறமும் நீலம் விரியும். கடலினுள்ளே இராவணன் கோட்டை என மக்கள் வழங்கும் பாறைத்தொடரில், 1873ஆம் ஆண்டு ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கம் உண்டு. அலைகள் வலியனவாதலின் இங்கு நீராட இறங்குவது தகாது.

களனிதிஸ்ஸ மன்னன் செய்த பிழையாற் கடல் பொங்கி நாட்டை விழுங்க, அதன் சீற்றம் தணிய மன்னன் மகள் தன்னையே ஈந்து படகேறினாள் என்பது பழங்கதை. அப்படகு கரையொதுங்கிய இடம் கிரிந்தையே என்பர். அவளே விகாரமகாதேவி, துட்டகைமுனுவின் தாய். கதையிற் பொங்கிய கடல் 2004 டிசம்பர் 26ஆம் நாள் மெய்யாகவே பொங்கி, இத்தென்கரையிற் பல உயிர்களைக் கொண்டுபோனது.

பிறர்க்காகத் தன்னை ஈந்த பெண்ணை இக்கரை மறக்கவில்லை. அவளுக்குச் சிலை எடுத்திருக்கிறது. தென்னிலத்தின் தாகம் தீர நீர் ஈந்த மலையூர்களை நாமும் மறத்தலாகாது. தாழ்நில வயல் விளைவது நன்று. மலையிலுள்ள கிணறும் ஊறவேண்டும். இரண்டையும் ஒருங்கே பேணுவதே அறமாகும்.

விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கடலைக் காட்டுமுன் வழியிலுள்ள ஆற்றையும் காட்டுங்கள். தம் ஊர் நீர் எங்கே போகிறது என்பதை அறிந்த பிள்ளை, நாட்டை அறியத் தொடங்கிவிட்டது எனலாம்.