கார்ல் வான் முல்லர்

கார்ல் பிரீட்ரிக் மாக்ஸ் வான் முல்லர் (16 ஜூன் 1873 – 11 மார்ச் 1923) ஜெர்மானியப் பேரரசின் கடற்படை அதிகாரி ஆவார். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் 'எம்டன்' என்னும் போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது இக்கப்பலே. கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அதை நடத்திய முல்லரின் பெயரைப் பலர் அறியார். எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தபோதும், அவற்றில் இருந்தவர்களின் உயிரைக் காத்தவர் என்பதால் எதிரிகளாலும் மதிக்கப்பட்டவர் இவர்.

இளமையும் பணித் தொடக்கமும்

முல்லர் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை பிரஷ்ய தரைப்படையில் அதிகாரி. ஹனோவரிலும் கீல் நகரிலும் பள்ளிக் கல்வி பெற்று, பிளோன் என்ற ஊரிலிருந்த படைப் பள்ளியில் பயின்றார். 1891ஆம் ஆண்டு கடற்படையில் சேர்ந்தார். பயிற்சிக் கப்பல்களில் பணிபுரிந்த பின் போர்க்கப்பல்களில் சைகைச் செய்தி அதிகாரியாக இருந்தார்.

பின்னர் 'ஷ்வால்பே' என்ற கப்பலில் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி அன்று அக்குடியேற்ற நாட்டில் அடங்கியிருந்தது. அங்கே அவருக்கு மலேரியா கண்டது. அந்நோய் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. 1900இல் தாய்நாடு திரும்பிய அவர், பீரங்கி அதிகாரியாகவும், இளவரசர் ஹென்ரிக்கின் அலுவலர் குழுவிலும் பணியாற்றினார். 1908 இறுதியில் பதவி உயர்வு பெற்று, பெர்லினிலுள்ள கடற்படை அலுவலகத்தில் சேர்ந்தார். அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உடையவர், பணியில் கண்டிப்பானவர் என்று உடன் பணிபுரிந்தோர் அவரைக் குறிப்பிட்டுள்ளனர்.

எம்டனின் தலைமை

1913ஆம் ஆண்டு எம்டன் கப்பலின் தலைமை முல்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 3,600 டன் எடையுள்ள அக்கப்பலில் 10.5 செ.மீ. வாய் அகலமுள்ள பத்து பீரங்கிகள் இருந்தன. சீனக் கடற்கரையில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் துறைமுகமே அதன் தளம்.

போர் மூளும் நிலை தெரிந்ததும், 1914 ஜூலை 31 அன்று முல்லர் சிங்தாவிலிருந்து புறப்பட்டார். ஆகஸ்டில் பசிபிக் கடலிலுள்ள பாகன் தீவில் ஜெர்மானியக் கப்பல்கள் கூடின. படைத்தலைவர் வான் ஸ்பே தம் கப்பல்களைத் தென் அமெரிக்கா நோக்கிக் கொண்டுசெல்ல விரும்பினார். ஒரே ஒரு கப்பலாவது இந்தியப் பெருங்கடலுக்குச் சென்று பிரித்தானிய வணிகத்தைக் குலைக்க வேண்டும் என்று முல்லர் வாதிட்டார். வான் ஸ்பே இசைந்தார். கரி ஏற்றிய 'மார்க்கோமானியா' என்ற துணைக்கப்பலுடன் எம்டன் பிரிந்து சென்றது. வழியில் நட்புத் துறைமுகம் ஏதும் கிடையாது.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். துணை அதிகாரி ஹெல்முத் வான் மியூக்கேயின் யோசனைப்படி நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அது பிரித்தானியக் கப்பலாகவே தோன்றியது.

வங்காள விரிகுடாவில்

செப்டம்பர் 10 முதல் கல்கத்தா செல்லும் கடல்வழியில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபட்டன. ஒரு கப்பலை நிறுத்தியதும் அதிலிருப்போரை முதலில் வெளியேற்றுவது முல்லரின் வழக்கம். அதன் பிறகே கப்பல் மூழ்கடிக்கப்படும். 'கபிங்கா' என்ற பிரித்தானியக் கப்பலில் நடுநிலை நாடான அமெரிக்காவுக்குரிய சரக்கு இருந்தது. முல்லர் அதை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை அதில் ஏற்றி விடுவித்தார். கரை சேர்ந்தவர்கள் தாங்கள் மரியாதையாக நடத்தப்பட்டதைக் கூறினர். பிரித்தானிய இதழ்களிலும் அவரைப் பாராட்டிச் செய்திகள் வந்தன.

சென்னைத் தாக்குதல்

பிரித்தானியரின் மதிப்பை இந்திய மக்களிடையே குறைப்பதும், கடல் வணிகத்தில் அச்சத்தை ஏற்படுத்துவதும் சென்னைத் தாக்குதலின் நோக்கங்கள். செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி அளவில், கரையிலிருந்து ஏறத்தாழ மூன்று கி.மீ. தொலைவில் எம்டன் நின்றது. கலங்கரை விளக்கம் எரிந்துகொண்டிருந்தது. எம்டனின் வெளிச்ச விளக்குகள் பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைக் காட்டிக் கொடுத்தன. சுமார் 130 குண்டுகள் வீசப்பட்டன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டும், எம்டன் மீது ஒரு குண்டும் படவில்லை. அது இருளில் மறைந்தது.

துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பல் சேதமடைந்தது. சிலர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். முல்லரின் மனிதநேயத்தைப் பற்றிப் பேசும்போது இவ்விழப்பையும் மறத்தல் ஆகாது. கடலில் பிடித்த கப்பலிலிருந்து மனிதர்களை இறக்கிவிட அவரால் முடிந்தது. இரவில் ஒரு நகரை நோக்கிச் சுடும்போது அது இயலாத செயல்.

பொருட்சேதத்தைவிட அச்சமே பெரிதாக இருந்தது. எம்டன் மீண்டும் வரும் என்று அஞ்சி ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இந்நிகழ்வைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது.

தியேகோ கார்சியாவும் பினாங்கும்

அக்டோபரில் எம்டன் தியேகோ கார்சியா தீவை அடைந்தது. போர் தொடங்கிய செய்தியே அத்தீவினரை எட்டவில்லை. முல்லர் அதைச் சொல்லவும் இல்லை. ஜெர்மானியர் தம் கப்பலைத் துப்புரவு செய்தனர். தீவு மேலாளரின் பழுதான இயந்திரப் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுச் சென்றனர்.

அக்டோபர் 28 விடியற்காலையில் போலிப் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்துக்குள் எம்டன் நுழைந்தது. ஜெர்மானியக் கொடியை ஏற்றியபின், அங்கு நின்றிருந்த 'செம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவாலும் பீரங்கியாலும் தாக்கி மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட 'முஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. கடலில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை முல்லர் மீட்டு, பின்னர் ஒரு பிரித்தானியக் கப்பலில் ஏற்றிச் சுமத்ராவுக்கு அனுப்பினார்.

கோகோஸ் தீவுச் சண்டை

நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுக்கூட்டத்திலிருந்த கம்பியில்லாத் தந்தி நிலையத்தை அழிக்க மியூக்கே தலைமையில் ஒரு குழு கரையிறங்கியது. அதற்குள் நிலையத்தார், புதிய கப்பல் ஒன்று வந்திருப்பதாகச் செய்தி அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய கப்பல்களுக்குக் காவலாக அருகே சென்றுகொண்டிருந்த 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்தது.

சிட்னியின் பீரங்கிகள் 15.2 செ.மீ. வாய் அகலம் உடையவை. வேகமும் அதற்கே அதிகம். முதல் குண்டுகள் எம்டனுடையவையாக இருந்தும், விரைவில் எம்டன் சிதைந்தது. மூழ்காமல் காக்க முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

மாலையில் சிட்னி திரும்பி வந்தபோதும் எம்டனின் கொடி இறங்கவில்லை. சரணடையக் கேட்டுச் சிட்னி சைகை காட்டியது. சைகை ஏடுகளை முன்பே அழித்துவிட்டதால் எம்டனில் இருந்தோருக்கு அது விளங்கவில்லை. சிட்னி மீண்டும் சுட்டது. மேலும் சிலர் மாண்டனர். பிறகே கொடி இறக்கப்பட்டது. எம்டனில் 130க்கும் மேற்பட்டோரும் சிட்னியில் நால்வரும் உயிரிழந்தனர். பிடிபட்டவர்கள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். காயமுற்ற எதிரிகள் கப்பலில் இருந்ததால், துறைமுகத்தில் ஆரவாரம் செய்ய வேண்டாம் என்று சிட்னியின் தலைவர் கிளாசப் கேட்டுக்கொண்டார்.

கரையிலிருந்த மியூக்கேயின் குழு 'ஆயிஷா' என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, அரேபியா வழியாக 1915இல் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தது.

சிறைவாசமும் இறுதிக் காலமும்

முல்லர் மால்டாவில் சிறை வைக்கப்பட்டார். 1916இல் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டார். 1917 செப்டம்பரில் நாட்டிங்காம் அருகேயுள்ள சட்டன் பானிங்டன் முகாமிலிருந்து, சுரங்கம் தோண்டித் தப்பிய அதிகாரிகளுள் அவரும் ஒருவர். ஆனால் மீண்டும் பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் தாய்நாடு திரும்பினார். ஜெர்மனியின் உயர்ந்த படைவிருதான 'பூர் லெ மெரிட்' அவருக்கு வழங்கப்பட்டது.

1919இல் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றுப் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் குடியேறினார். பிரன்ஸ்விக் மாநில சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். மியூக்கே எம்டனைப் பற்றி நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார். முல்லரோ உயிர்நீத்த தம் மாலுமிகளின் பெயரால் பொருள் ஈட்ட விரும்பாமல் நூல் எழுத மறுத்தார். 1923 மார்ச் 11 அன்று, 49 வயதில் காலமானார்.

தமிழில் எம்டன்

சாமர்த்தியசாலியை, கண்டிப்பானவரை, எளிதில் பிடிபடாதவரை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து சென்னை மீது குண்டு வீசினார் என்ற கதையும் பரவலாக வழங்குகிறது. ஆனால் அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். எம்டனோ சீனக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு வந்த கப்பல். சென்னைத் தாக்குதலைத் திட்டமிட்டு நடத்தியவர் முல்லரே ஆவார்.